வாசகர் கேள்வி–பதில்: கோல்ஃப் கிரீனும் அதன் வேரும்

கேள்வி: எங்கள் கோல்ஃப் திடலில் குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்ற புல்தரை பட்டுப்போல் இருந்த நேரம் பார்த்து அதில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு, மேலே மணலைக் கொட்டிவிட்டார்கள். இரண்டு வாரமாகப் பந்து நேராக உருளவில்லை. நன்றாக இருக்கும் புல்லை ஏன் கெடுக்க வேண்டும்?

பதில்: மேலே பட்டுப்போல் தெரிந்த அந்தப் புல்லின் அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. கிரீனில் புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில், வளரும் காலத்தில் ஏறக்குறைய நாள்தோறும் வெட்டுகிறார்கள். இலை இவ்வளவு குறுகும்போது புல் தயாரிக்கும் உணவும் குறைகிறது, வேரும் குட்டையாகிறது. போதாததற்கு ஆட்டக்காரர்களின் காலடியும் இயந்திரங்களின் எடையும் குழியைச் சுற்றியே விழுந்து மண்ணை இறுக்குகின்றன. மடிந்த தண்டுகளும் வேர்களும் மட்குவதற்குள் புதியவை வந்து சேர்வதால், மண்ணுக்கும் பச்சை இலைக்கும் நடுவில் பஞ்சு மெத்தை போன்ற ஓர் அடுக்கு உருவாகிறது. மழைக்காலத்தில் அது ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சை நோய்களுக்கு இடம் கொடுக்கும். முற்றிலும் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் நீரை உள்ளே விடாது.

குழல் போன்ற ஊசிகளைக் கொண்ட இயந்திரத்தால் மண்ணை உருளை உருளையாக வெளியே எடுப்பது, இந்த மெத்தையைக் குறைத்து இறுகிய மண்ணுக்குள் காற்றையும் நீரையும் விடுவதற்காகத்தான். துளை மூடிக்கொள்ளாமல் இருக்கவும் மேற்பரப்பு சமனாகவும் உலர்ந்த மணலை நிரப்புகிறார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துப் பார்த்தால், அந்த மணல் பாதை வழியே வெண்ணிற வேர்கள் இறங்கியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஆட்டம் களைகட்டும் காலத்திலேயே இதைச் செய்வது ஏன் என்ற உங்கள் மனக்குறை புரிகிறது. காயம் ஆற வேண்டுமானால் புல் வேகமாக வளரும் பருவமாக இருந்தாக வேண்டும். குளிர்ச்சியை விரும்பும் பென்ட் புல்லுக்கு அது வசந்தமும் இலையுதிர் காலத்தின் தொடக்கமும். அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடா புல்லுக்குக் கோடையின் முற்பகுதி. வளர்ச்சி அடங்கிய பிறகு போடும் துளைகள் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். இரண்டு வாரப் பொறுமை இதைவிட மேலானது என்றே உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: உச்சி வெயிலில் பணியாளர்கள் கிரீன் மீது லேசாக நீர் தெளிக்கிறார்கள். இலை கருகாதா? மாலையில் தினமும் நிறைய நீர் விட்டால் போதாதா?

பதில்: அது பாசனமன்று, குளிர்விப்பு. பென்ட் புல்லின் வேர் நன்றாக வளர மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கோடையில் வேர் சுருங்கிவிடுவதால், அடியில் ஈரம் இருந்தும் இலை இழக்கும் வேகத்துக்கு அதனால் நீரை உறிஞ்சித் தர முடிவதில்லை. தெளித்த நீர் ஆவியாகும்போது இலையின் சூட்டைத் தணிக்கிறது. கருகும் என்று அஞ்ச வேண்டாம். உண்மையான பாசனத்தை விடியற்காலையில், ஆழமாக, இடைவெளி விட்டுச் செய்வதே நல்லது. மாலையில் நீர் விட்டால் இலை இரவு முழுவதும் நனைந்திருந்து நோயை வரவழைக்கும். கடும் வெயில் வாரங்களில் வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டராவது கூட்டி, சில நாட்களில் வெட்டாமல் உருளையை மட்டும் ஓட்டுவதும் புல்லைக் காக்கும்.

கேள்வி: வேறு திடல்களில் கிரீன் எங்களுடையதைவிட வேகமானது. பந்து கிரீனில் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று காட்டும் ஸ்டிம்ப்மீட்டரின் அளவைச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கிய அந்தக் கருவியின் திருத்திய வடிவத்தை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1978-இல் திடல்களுக்கு வழங்கியது. ஒரே திடலின் கிரீன்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்கவே அது உதவ வேண்டும். வேகத்துக்காக மேலும் மேலும் தாழ வெட்டினால், முதலில் இழப்பது வேரைத்தான்.

கேள்வி: பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் முறை எது?

பதில்: பலர் இதற்கென உள்ள சிறு முள் போன்ற கருவியைப் பள்ளத்தின் அடியில் செருகி மேலே நெம்புகிறார்கள்; அதனால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துபோகிறது. பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே கருவியைச் செருகி, சுற்றிலும் உள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ளி, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான ‘பட்டர்’ (putter) அடிப்பகுதியால் மெதுவாக அழுத்திச் சமன்செய்யுங்கள். உடனே செய்தால் சில நாட்களில் ஆறிவிடும். விட்டுவிட்டால் வாரக்கணக்கில் வடு நிற்கும்.