தொட்டிச் செடியில் எறும்பு ஏறுவதும் இலை பிசுபிசுப்பதும் ஏன்?

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) தாழ்வாரத்து மிளகாய், கறிவேப்பிலைச் செடிகளில் எறும்பு வரிசை கட்டினால் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சியோ, குருத்தில் மொய்க்கும் அசுவினி என்ற சிறு பூச்சியோ இருக்கும். இவை கழிக்கும் இனிப்புத் திரவம்தான் தேன்கசிவு.

செடிச் சாற்றில் சர்க்கரை அதிகம், புரதத்துக்கான சத்து மிகக் குறைவு. நாலு இறாலுக்காக ஒரு சட்டி சூப்பையும் குடிப்பதுபோல், பூச்சி சாற்றை அளவுமீறி உறிஞ்சி மிச்சச் சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. எறும்புக்கு அது தீனி. பதிலுக்கு, இந்தப் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டை விரட்டிக் காவல் நிற்கும். இலையில் படிந்த கசிவில் கரும்பூசணம் பிடிக்கும்.

ஈரத்துணியால் இலையடியைத் துடையுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, மாலையில் பூச்சிமேல் நேராகப் படும்படி தெளித்து, பிறகு கழுவிவிடுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 5 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது வேண்டும்.

எறும்பைத் தடுக்கத் தொட்டியடித் தட்டில் தண்ணீர் நிறுத்துவது சிங்கப்பூரில் ஆகவே ஆகாது. ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு கிளம்பும், அபராதமும் வரும். ஸ்டாண்டு காலில் வாசலின் தடவுங்கள். கிளை சுவரைத் தொட்டால் மட்டும் அந்த வழியாக ஏறிவிடும்.

எறும்புதான் செடியைத் தின்கிறது என்று பலர் எறும்பு மருந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இலையைச் சுருட்டுவது சாறு உறிஞ்சும் பூச்சி, எறும்பு அல்ல.