செருப்போடு கரையேறிய டாக்டர்

கேள்வி: என் அப்பா டாக்டர். மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1968-ல் மண்டபத்தில் கிளினிக் போட்டவர், கடைசிவரை வேறு ஊருக்குப் போகவில்லை. போன ஆடியில் 84 வயதில் காலமானார். வருகிற ஆடியில் முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. உட்கார்ந்தால் வேடிக்கைக் கதைகளாகத்தான் வருகின்றன. சாலைப் பாலம் வருவதற்கு முன்னால் ஒரு வாடைக்கால ராத்திரியில் பாம்பனில் பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். ரயில் போய்விட்டது. வத்தை என்கிற படகில் ஏறி, நனைந்து நடுங்கிப் போய்ச் சேர்ந்தால் குழந்தை பிறந்து மருத்துவச்சி கையில் இருக்கிறது. "ஒரு பத்து நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று குழந்தையிடம் சண்டை போட்டாராம். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் ஊரில் 'அவசரம்' என்றுதான் பெயர். ஐம்பது வயதில் சங்கு குளிப்பவர்களோடு கடலுக்குப் போய், முதல் முங்கில் சங்குக்குப் பதில் ஒரு ரப்பர் செருப்போடு மேலே வந்தார். அந்தச் செருப்பு கிளினிக் மேசையிலேயே இருந்தது, இப்போதும் இழுப்பறையில் இருக்கிறது. ஊசிக்கு அழுகிற பிள்ளைகள் முன்னால் முதலில் ஒரு கத்தரிக்காய்க்கு ஊசி குத்தி, "அழுதியா நீ?" என்று அதைக் கேட்பார். அண்ணனோ, "படிப்பு, சேவை, வாங்கிய பாராட்டு இதெல்லாம் போடு. இந்தக் கூத்தெல்லாம் அச்சில் வந்தால் அப்பா மரியாதை என்ன ஆகும்?" என்கிறார். எனக்கு அப்பாவை நினைத்தாலே சிரிப்பு வருகிறது, அழுகை வரமாட்டேன் என்கிறது. நான் கல்நெஞ்சுக்காரியா? அவருடைய நோயாளிக் குறிப்பேடுகள் 32 இருக்கின்றன. ஓரங்களில் காற்று, கடல் பற்றியெல்லாம் குறித்திருக்கிறார். அவற்றிலிருந்து எடுத்துப் போடலாமா? அம்மாவுக்கு 78 வயது, எங்களோடுதான் இருக்கிறார்.

— ஒரு வாசகி, மண்டபம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கத்தரிக்காயிடம் "அழுதியா நீ?" என்று கேட்ட இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தேன். உங்கள் அப்பாவை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்புறம் மறுபடி எடுத்துப் படித்தபோது கண் கலங்கியது. இரண்டும் ஒரே வரியில்தான் நடந்தது. உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அழுகை எப்போது வருமோ அப்போது வரட்டும், கறிக்கடையிலோ பஸ்ஸிலோ வந்தாலும் வரட்டும். பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்து போனவரின் சாவைக் 'கல்யாணச் சாவு' என்று சொல்கிற ஊர் நம்முடையது. நீங்கள் கல்நெஞ்சுக்காரி இல்லை.

ஒப்பாரியைக் கவனித்திருப்பீர்கள். செத்துப்போனவர் நல்லவர், வல்லவர் என்று ஒரு வரியில் எந்தக் கிழவியும் முடிப்பதில்லை. அவர் கட்டிய வேட்டிக் கரையின் நிறம், சந்தையிலிருந்து மடியில் கட்டி வந்த பண்டம், கோபித்துக்கொண்டு போய்ப் படுத்த திண்ணை என்று ஒன்றுவிடாமல் எடுத்து வைத்து அழுவாள். உங்கள் மலருக்கும் அதுதான் வழி. 'தன்னலமற்ற சேவை' என்று போட்டால் தமிழ்நாட்டில் எந்த டாக்டரின் படத்துக்குக் கீழும் அது பொருந்தும். ரப்பர் செருப்பு உங்கள் அப்பா ஒருவருக்குத்தான் பொருந்தும்.

ஆனால் அந்தச் செருப்புக் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஐம்பது வயது டாக்டர் எதற்காகச் சங்கு குளிக்கப் போனார்? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, சரியா என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும், சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் காதுவலி தீராத தொல்லை. 10 மீட்டர் ஆழத்துக்குப் போனாலே உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன்செய்யாமல் இறங்கினால் செவிப்பறை கிழியக்கூடும். சளி பிடித்திருந்தால் மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாய் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு ஊதினாலும் பயன் இருக்காது. "சளி விடுகிறவரைக்கும் இறங்காதே" என்று கிளினிக்கில் உட்கார்ந்து சொன்னால் யார் கேட்பார்கள்? அன்றைய கூலி போய்விடுமே. தங்களோடு முங்கி, மூச்சு முட்டி, செருப்போடு மேலே வந்த மனுஷன் சொன்னால் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அன்று படகில் இருந்தவர்களில் ஒருவராவது இன்னும் இருப்பார். அவரைத் தேடிப் போய், "அப்பா உங்கள் காதைப் பற்றி என்ன சொன்னார்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில் கிடைத்துவிட்டால் அண்ணன் அதைக் கூத்து என்று சொல்லமாட்டார்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்றால், நானும் அந்தக் கரையில் வளர்ந்தவள். தேவிபட்டினத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். பத்து வயதில் முழங்கால் தண்ணீரில் நடந்தபோது திருக்கை மீனை மிதித்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே முள் ஏறியது. அந்த வலியை எழுத்தில் சொல்ல முடியாது. நான் போட்ட கூச்சலில் தெருவே பின்னால் வந்தது. எங்கள் டாக்டர் மருந்து அலமாரிப் பக்கமே போகவில்லை. கம்பவுண்டரிடம், "வென்னீர் போடுப்பா" என்றார். அலுமினியக் குண்டானில் ஆவி பறக்க வந்தது. முதலில் தன் கையை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, மறுபடி பார்த்து, என்னுடைய நல்ல காலை உள்ளே வைக்கச் சொல்லிச் சூடு பொறுக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் குத்துப்பட்ட காலை எடுத்து வைத்தார். ஆற ஆற வென்னீர் சேர்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "அந்தத் திருக்கைக்கு இப்ப எப்படி இருக்காம்? இவ்வளவு கனமான பிள்ளை மிதிச்சிருக்கு, அதுக்கு யாரு வென்னீர் வைக்கிறா?" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். ஒரு மணி நேரத்தில் வலி இறங்கியது.

பல வருஷம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. திருக்கையின் விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் சிதைந்துவிடும். உடம்பு பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி, ஒரு மணி ஒன்றரை மணி நேரம் வைத்திருப்பதுதான் இன்றைக்கும் முதலுதவி. (இதைப் படிக்கிற கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: குத்துப்பட்ட கால் மரத்திருக்கலாம், அதை வைத்துச் சூடு பார்த்தால் வெந்துபோகும். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், தடுப்பூசியும் வேண்டும், ஆகவே வென்னீரோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வென்னீருக்கே காத்திருக்க வேண்டாம்.) அந்த ஒரு மணி நேரம் ஒரு பத்து வயதுப் பிள்ளையைச் சுடுதண்ணீரில் காலை எடுக்காமல் உட்கார வைக்க வேண்டும். அவர் சொன்ன வேடிக்கை இல்லையென்றால் நான் உட்கார்ந்திருக்கமாட்டேன். வென்னீர் பாதி வைத்தியம், திருக்கைக்கு நலம் விசாரித்தது மீதி. உங்கள் அப்பாவின் கத்தரிக்காயும் இந்த வகைதான். ஊசிக்குப் பயந்த பிள்ளை அடுத்த தடவை காய்ச்சலை மறைக்கும். பயம் தெளிந்த பிள்ளை தானே சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

வத்தைக் கதைக்கு வருகிறேன். இன்றைக்குப் படிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு அது புரியாது. மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு ஆட்டோவில் போகலாமே என்பார்கள். சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தது, அதுவரை 1914-ல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான், ரயிலை விட்டால் படகு என்று இரண்டு வரி எழுதுங்கள். இன்னொன்றும் எழுதுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ஒரு ரயிலே கடலில் போனது. அப்பா வந்து சேர்ந்தது அதற்கு நாலே வருஷம் கழித்து. வாடைக்காலத்தில் இருட்டில் அந்தக் கால்வாயைத் தாண்டுவது என்றால் என்ன என்று கரையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அது தெரிந்து ஏறியவர்தான், போய் இறங்கியதும் குழந்தையிடம் சண்டை போட்டார்.

ஆனால் சகோதரி, அந்த வத்தையை ஓட்டியது யார்? உங்கள் கடிதத்தில் அவர் இல்லை. டாக்டருக்காவது அது தொழில். வத்தைக்காரர் எதற்காக அந்த நேரத்தில் வத்தையை இறக்கினார்? அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்தப் பெயர் மலரில் கட்டாயம் வர வேண்டும். 'அவசரம்' பெயரைப் போடுவதற்கு முன்னால் அவரிடமும் அனுமதி கேளுங்கள். ஊரில் கூப்பிடுவது வேறு, அச்சில் வருவது வேறு. எந்தக் கதையைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பத்துக்கும் இதுவே அளவுகோல். அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற கதைகள் எல்லாம் வரலாம். நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற கதை, எவ்வளவு ருசியாக இருந்தாலும் வேண்டாம்.

கதை சேகரிக்கப் போகிறவர்கள் செய்கிற தவறு, "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்பது. "தங்கமான மனுஷன்" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்தது. சின்னதாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவார்? என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்? ஃபீஸ் பணமா, மீனா? அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள்? ஐயாவா, தம்பியா? கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களிடம், விரலில் வெட்டுப்பட்டு வந்தபோது என்ன திட்டினார் என்று கேளுங்கள், திட்டாமல் இருந்திருக்க முடியாது. போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். விசைப்படகுக்காரர்களைப் பார்க்க நல்ல நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆடிக்கு முன்னால் அச்சுக்குக் கொடுக்கவும் சரியாக இருக்கும்.

இவர்களுக்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, அம்மாவிடம் உட்காருங்கள். நடுராத்திரியில் கதவு தட்டினால் யார் எழுந்து திறந்தது? கண்ணாடி சிரிஞ்சு இருந்த காலத்தில் அதை யார் கொதிக்க வைத்தது? வத்தையில் போன ராத்திரி விடிகிறவரை வாசலில் நின்றது யார்? உங்கள் அப்பாவின் துணிச்சலுக்கு வீட்டில் விலை கொடுத்தவர் அவர். அவரிடம் சிரிப்புக் கதை மட்டும் இருக்காது, கோபமும் இருக்கும். அதையும் பொறுமையாகக் கேளுங்கள். அவர் சரி என்றால் அதுவும் மலரில் வரட்டும்.

குறிப்பேடுகள் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். நோயாளிகளின் பக்கங்களைப் போடாதீர்கள். பெயரை மறைத்தும் போடாதீர்கள். நம்முடைய மாதிரி ஊரில் தெருவும் வருஷமும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு இருக்கும் என்று நம்பித்தான் வாயைத் திறந்தார்கள், அவர் போய்விட்டார் என்பதற்காக அந்த வாக்கு முடிந்துவிடாது. சொந்தக்காரர்கள் கையில்கூடப் புரட்டக் கொடுக்காமல் பூட்டி வையுங்கள். ஓரத்துக் குறிப்புகள் வேறு. 'வாடை பலம்', 'ரயில் இல்லை' என்கிற மாதிரி இருந்தால் அந்த வரியை மட்டும் தேதியோடு அவர் கையெழுத்திலேயே எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக மேல் ஓரத்தில் போடுங்கள்.

அண்ணனோடு சண்டை வேண்டாம். அப்பாவை அறியாதவர்கள் அவரை விதூஷகன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவர் பயப்படுகிறார், அதுவும் பாசம்தான். படிப்பு, பட்டம், வருஷங்கள் இவற்றையெல்லாம் அவரே எழுதட்டும், முதல் இரண்டு பக்கம் அவருக்கு. அப்புறம் ஒரு சாயங்காலம் அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு, "அப்பா உன்னைக் கடைசியாக எப்போது சிரிக்க வைத்தார்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது. காத்திருங்கள். அவர் சொல்வது மூன்றாம் பக்கம்.

அட்டைக்கு வழக்கமான மாலை போட்ட படத்துக்குப் பதில் அந்தச் செருப்பைப் போடலாம் என்பது என் ஆசை. அண்ணன் சம்மதிக்காவிட்டால் பின்னட்டையில் போடுங்கள். துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம், அழகுக்காகப் பக்கத்தில் ஒரு சங்கை வைக்கவும் வேண்டாம். மேசை மேல் அவர் எந்தப் பக்கம் பார்க்க வைத்திருந்தாரோ, அதே பக்கம் பார்க்க வைத்து எடுங்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.