ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதுசு: இதுல எது ஓடற ஃபைலு?

சேலம் செவ்வாப்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். வெள்ளிக் கொலுசு பட்டறைக்கு எடை, டச் (அதாவது வெள்ளியோட சுத்தம்), கூலி கணக்கு போட பைத்தான்ல ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்காராம், ஃபோல்டர்ல ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதுசு, அப்பா சொன்ன ஃபைனல்னு ஏழு காப்பி கெடக்குது, கூலி கணக்கை மாத்தினதுல இருந்து பில்லு தப்பா வருது, எதை மாத்தினோம்னே ஞாபகம் இல்ல, கிட் (git) கத்துக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது, கிட்ஹப்ல அக்கவுண்ட் வேணுமான்னு கேக்கறார்.

அக்கவுண்ட் இப்ப வேணாம் தம்பி. கிட் வேற, கிட்ஹப் வேற. கிட்ங்கறது ஃபைல்ல எப்ப எதை மாத்தினோம்னு பதிவு பண்ணி வைக்கற ப்ரோக்ராம், லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸோட மையப்பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதினது, நெட்டே இல்லாம உங்க சிஸ்டம்லயே ஓடும். கிட்ஹப் 2008ல வந்த வெப்சைட்டு, ப்ராஜெக்ட்டை அங்க ஏத்தி வச்சுக்கலாம், அவ்ளோதான். அது ரெண்டு வாரம் கழிச்சு பாத்துக்கலாம்.

கிட்டை இன்ஸ்டால் பண்ணி, கட்டளை அடிக்கற டெர்மினல் ஸ்க்ரீன்ல கிட் கான்ஃபிக்னு அடிச்சு பேரும் ஈமெயிலும் குடுத்துடுங்க, இல்லன்னா முதல் கமிட்லயே முரண்டு பண்ணும். புது ஃபோல்டர் ஒண்ணு போட்டு அதுக்குள்ள போயி கிட் இனிட் அடிங்க, அந்த ஃபோல்டரை கிட் கவனிக்க ஆரம்பிச்சுடும். இதுக்கப்புறம் தினமும் வேணுங்கறது ஆட், கமிட் ரெண்டுதான். ஆட்ங்கறது தராசுத் தட்டுல சரக்கை வைக்கறது, கமிட்ங்கறது எடைய நோட்டுல எழுதி தேதி போடறது. புதுசா வர்றவங்க எல்லாரும் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு, ஆட் பண்ணதுக்கப்புறம் அதே ஃபைல்ல இன்னொரு வரிய மாத்தினீங்கன்னா அந்த வரி தட்டுல இல்ல, மறுபடி ஆட் பண்ணாம கமிட் அடிச்சா பழசுதான் போகும். தட்டுல என்ன இருக்குன்னு சந்தேகம் வந்தா கிட் ஸ்டேட்டஸ் அடிச்சு பாருங்க, நான் இன்னும் நாளுக்கு இருபது தடவை அடிக்கறேன்.

இப்ப அந்த ஏழு காப்பி. அழிச்சுடாதீங்க, அதுதான் உங்க சொத்து. தேதி பாத்து வரிசையா வைங்க, பழசை எடுத்து புது ஃபோல்டர்ல பில்லிங்னு ஒரே பேர்ல போட்டு கமிட் பண்ணுங்க, அடுத்த காப்பிய அதே பேர்ல அது மேலயே போட்டு மறுபடி கமிட், இப்படியே ஏழையும். கடைசியில கிட் லாக் அடிச்சா ஏற்காடு மலைப்பாதைல கொண்டை ஊசி வளைவுக்கு நம்பர் போர்டு வச்ச மாதிரி வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அடுத்தடுத்த ரெண்டு கமிட் நம்பரை, பழசு முதல்ல வர்ற மாதிரி குடுத்து கிட் டிஃப் அடிங்க, போன வரி சிவப்பா, வந்த வரி பச்சையா காட்டும். கூலி எங்க மாறிச்சுன்னு அங்கயே சிக்கிடும்.

கமிட் மெசேஜ்ல "மாத்தினேன்"னு மட்டும் எழுதாதீங்க. "கூலி கிராமுக்கு இல்ல, கிலோவுக்கு"ன்னு எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு படிக்கப் போறது நீங்கதான். தமிழ்லயே எழுதலாம், சில பழைய விண்டோஸ் ஸ்க்ரீன்ல எழுத்து கட்டம் கட்டமா தெரியும், அதுக்கு பயப்படாதீங்க.

கமிட் பண்ணது லேசுல தொலையாது, ஹெட்டை, அதாவது இப்ப எந்த கமிட்ல நிக்கறோம்ங்கற குறியை, தப்பா நகத்திட்டாலும் அது போன இடமெல்லாம் குறிச்சு வைக்கற கிட் ரெஃப்லாக்ல பிடிச்சுடலாம். கமிட் பண்ணாம, மாத்தினதையெல்லாம் தூக்கிப் போட்டு பழைய கமிட்டுக்கே திருப்பற ரீசெட் ஹார்ட் அடிச்சா போனது போனதுதான், நான் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை பூரா அப்படி விட்டவன்.

பிராஞ்ச், அதாவது தனிக் கிளை, இப்ப வேணாம். மெயின் ரோடு இருக்கும்போதே குப்பனூர் வழியா ஏற்காடு போறாப்ல, பழசைத் தொடாம புதுசை முயற்சி பண்ண அது வேணும், ஆனா முதல்ல ஒரு வழி பழகட்டும்.

ஒண்ணு மட்டும் முதல் நாளே பண்ணிடுங்க. டாட் கிட்இக்னோர்னு ஒரு ஃபைல் போட்டு அதுல டேட்டாபேஸ் ஃபைலு, பாஸ்வேர்டு இருக்கற ஃபைலு பேரெல்லாம் எழுதிடுங்க, அதையெல்லாம் கிட் கண்டுக்காது. கமிட் ஆனதுக்கப்புறம் எழுதினா வேலை செய்யாது, கிட் ஆர்எம் கேஷ்டுன்னு எடுத்து விடணும், அப்பவும் பழைய கமிட்ல பாஸ்வேர்டு உக்காந்திருக்கும். வெளிய ஏத்திட்டீங்கன்னா அழிக்கறதுல நேரத்தை வீணாக்காம பாஸ்வேர்டையே மாத்திடுங்க. டேட்டாபேஸுக்கு தனியா பேக்கப் எடுங்க, கிட்ல இருக்கறது உங்க கோடு, பட்டறைக் கணக்கு இல்ல.

கிட்ஹப்புக்கு போறப்ப ரெப்போவை, அதாவது அங்க ஏத்தற உங்க ப்ராஜெக்ட்டை, ப்ரைவேட்டா வைங்க, காசு கெடையாது. புஷ் பண்றப்ப, அதாவது கமிட்டை அங்க ஏத்தறப்ப, அக்கவுண்ட் பாஸ்வேர்டை அடிச்சா ஏத்துக்காது, 2021 ஆகஸ்ட்லயே அதை நிறுத்திட்டாங்க, பாஸ்வேர்டுக்கு பதிலா கிட்ஹப் குடுக்கற டோக்கன் எடுக்கணும் இல்லன்னா ப்ரௌசர்ல சைன்இன் பண்ணனும்.