ஆட்டின் கண் விரிந்திருக்கிறது, அட்ரோபின் போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். வயலோரம் அறுத்த மக்காச்சோளத் தட்டையைக் களையோடு சேர்த்து நறுக்கி ஆடுகளுக்குப் போட்டேன். சில மணி நேரத்தில் மூன்று ஆடுகள் தள்ளாட ஆரம்பித்தன. கண்ணில் கறுப்பு பெரிதாகத் தெரிகிறது, வயிறு உப்பியிருக்கிறது, அசைபோடவில்லை. பக்கத்து வயலில் முந்தைய நாள் பூச்சிமருந்து அடித்தார்கள். முன்பு ஒரு மாட்டின் மருந்து விஷத்துக்கு வாங்கிய அட்ரோபின் ஊசி மிச்சம் இருக்கிறது. போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மீதியை அவர் வருவதற்குள் படியுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் எனக்கு ஊமத்தை மேல்தான் சந்தேகம். மக்காச்சோள வயலில் அது களையாக வரும். நின்ற செடியை அதன் நாற்றத்துக்கும் கசப்புக்கும் ஆடு பெரும்பாலும் தொடாது. நறுக்கித் தட்டையோடு கலந்துவிட்டால் அதற்குப் பிரிக்கத் தெரியாது. விதையில் நஞ்சு அதிகம். செடி காய்ந்தாலும் நஞ்சு போய்விடாது.

ஊமத்தையில் இருக்கும் நஞ்சுகளில் ஒன்று அட்ரோபின். அதாவது, உங்கள் கையில் இருக்கும் ஊசி மருந்தேதான். அதைப் போட்டால் விஷத்தின் மேல் விஷம் ஏற்றியதாகிவிடும்.

கண் ஏன் விரிகிறது? கண் பாவையைச் சுருக்கும் தசைக்கு அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூலமாக நரம்பு கட்டளை அனுப்புகிறது. ஊமத்தை நஞ்சு அந்தக் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. பாவை விரிந்தபடியே நின்றுவிடும். உமிழ்நீரும் குடல் அசைவும் இதே வழியில்தான் நிற்கின்றன. வாய் காய்வதும் வயிறு உப்புவதும் அதனால்தான். நெஞ்சுத் துடிப்பும் வேகமாகும்.

ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து இதற்கு நேர் எதிர். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் உடலில் தேங்க, வாயிலும் கண்ணிலும் நீர் ஒழுகும், கழிச்சல் எடுக்கும், தசை துடிக்கும், மூச்சு இரைக்கும், பாவை ஒடுங்கிப்போகும். அட்ரோபின் அந்த விஷத்துக்குத்தான் மாற்று மருந்து.

இப்போது வாயைப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு உதட்டின் உள்புறத்தைத் தொட்டால் போதும், ஈறு காய்ந்திருக்கிறதா, எச்சில் வடிகிறதா என்று தெரியும். ஆட்டை நிழலில் நிறுத்திக் கண்ணைப் பாருங்கள். ஆட்டின் பாவை வெயிலில் படுக்கைக் கோடாகத் தெரிவது இயல்பு. டார்ச் அடித்தும் அது அகலமாகவே இருந்தால் விரிந்துவிட்டது என்று பொருள். கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். எந்த விஷமானாலும் உயிர் போகும் கட்டத்தில் பாவை விரியும். இளம் சோளப் பயிரைத் தின்று சயனைடு ஏறினாலும் விரியும். ஆனால் அதில் மூச்சுத் திணறல் முந்திக்கொள்ளும், நேரமும் மிகக் குறைவு. கன்று போட்ட மாட்டுக்குக் கால்சியம் குறைந்தாலும் பாவை விரியும், அப்போது காது சில்லிட்டிருக்கும்.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் அட்ரோபின் போட்டுவிட்டால், கண் விரிந்தது விஷத்தாலா ஊசியாலா என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். ஏற்கனவே எதையாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அவர் வரும்வரை மீதித் தீவனத்தை அகற்றுங்கள், ஆனால் எரித்துவிடாதீர்கள். ஒரு கைப்பிடியைக் காகிதப் பையில் எடுத்து வையுங்கள், காயோ விதையோ கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து. ஆடுகளைச் சத்தமில்லாத நிழலில் விடுங்கள். பார்வை மங்கியிருக்கும், முட்டி மோதிக்கொள்ளும். வாயில் எண்ணெயோ கரைசலோ ஊற்றாதீர்கள், விழுங்க முடியாத ஆட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகும். மருத்துவர் செயலூட்டிய கரியை, அதாவது நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மருந்துக் கரியை, தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் கொடுப்பார், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம் வரை. அடுப்புக் கரி அதற்கு ஈடாகாது. உப்பல் அதிகமாகி மூச்சு முட்டினால் உடனே அவருக்குச் சொல்லுங்கள். காத்திருக்கக் கூடாத கட்டம் அது.

பால் கறக்கும் ஆடு இருந்தால் அவர் சொல்லும்வரை அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள், குட்டிக்கும் விடாதீர்கள். ஊமத்தையைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால் உங்கள் பாவையும் விரிந்து பார்வை மங்கும். களை பிரிக்கிறவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே முகத்தைத் தொடட்டும்.