128 எம்பி கேஷ் நிஜமாவே இருக்கா?

கேள்வி: என்கிட்ட இசட்97 மதர்போர்டு இருக்கு சார். செகண்ட் ஹேண்ட்ல ஐ7-5775சி ப்ராசஸர் வருது, கிராபிக்ஸ் கார்டு வாங்க இப்போதைக்கு காசு இல்ல. இத போட்டா கேம் ஓடுமா? 128 எம்பி கேஷ்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: உண்மைதாங்க. கேஷ்னா ப்ராசஸர் அடிக்கடி கேக்குற டேட்டாவ பக்கத்துலயே வெச்சுக்கற வேகமான மெமரி. இந்த 5775சி 2015ல இன்டெல் விட்ட பிராட்வெல் தலைமுறை சிப், மூடிக்கு கீழ ரெண்டு சில்லு இருக்கும், பெருசுல நாலு கோரும் ஐரிஸ் ப்ரோ 6200 கிராபிக்ஸும், பக்கத்துலயே சின்னதா 128 எம்பி இடிராம்ங்கற வேக மெமரியும், அதுதான் நீங்க கேட்ட கேஷ். ஏன் வெச்சாங்கன்னா, உள்ளயே வர்ற கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, எல்லாத்துக்கும் நம்ம ராமுக்குத்தான் போகணும், டிடிஆர்3-1600 ரெண்டு ஸ்டிக் போட்டாலும் நொடிக்கு 25.6 ஜிபிதான், அதையும் சிபியுவோட பங்கு போட்டுக்கணும். இடிராம் ஒரு திசைக்கே 50 ஜிபி கிட்ட தரும். ஜிடிஏ 5 மாதிரி கேமெல்லாம் 720பில செட்டிங் கொறச்சு தாராளமா ஆடலாம், புது கேமுக்கு ஆசப்படாதீங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே வேற, பின்னாடி கார்டு போட்டாலும் அந்த 128 எம்பி வீணாகாது, சிபியுக்கு எல்4, அதாவது நாலாவது அடுக்கு கேஷா வேலை செஞ்சிட்டே இருக்கும். கேமுக்கு பெரிய கேஷ் எவ்ளோ உதவும்னு 2022ல ஏஎம்டி 5800எக்ஸ்3டி ப்ராசஸர்ல 96 எம்பி எல்3 வெச்சு நல்லாவே காட்டுனாங்க, ஆனா அதுல கிராபிக்ஸே கிடையாது.

விண்டோஸ் 11க்கு இந்த சிப்புக்கு அதிகாரப்பூர்வ சப்போர்ட் இல்ல. வெல சரியா இருந்தா வாங்குங்க, பழைய ப்ராசஸர கழட்டுறதுக்கு முன்னாடியே போர்டோட பயாஸ (கம்ப்யூட்டர ஸ்டார்ட் பண்ற சாப்ட்வேர்) அப்டேட் பண்ணிடுங்க, பழைய பயாஸுக்கு இந்த சிப்ப அடையாளம் தெரியாம போகலாம், ராம் கண்டிப்பா ரெண்டு ஸ்டிக்கா போடுங்க.