முனி மிதித்த வயலுக்கு யார் நட்டஈடு தருவது?

அன்புள்ள அண்ணா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். குளக்கட்டு மருதமரத்து முனி இந்தக் காலத்தில் ஊருக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பது கதை. எங்களிடம் ஒரு போனும் கொஞ்சக் காசும்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் இல்லாமல் எடுத்தால் சனம் சிரிக்கும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

ஒரு வாசகர், மாங்குளம்

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். முனியைச் சுற்றி ஊர் இல்லாவிட்டால் எத்தனை லட்சம் கொட்டினாலும் சனம் சிரிக்கத்தான் செய்யும்.

2010இல் நோர்வேயில் ஆன்ட்ரே ஓவ்ரெடால் எடுத்த 'ட்ரோல் ஹன்டர்' படத்தைத் தேடிப் பாருங்கள் (நோர்வே என்றதும் நமக்கு வேறு ஞாபகங்கள் வரும், அது கிடக்கட்டும்). ட்ரோல் அவர்களுடைய பழங்கதைகளில் வரும் மலைப் பூதம். சில மாணவர்கள் கமராவோடு ஒரு பூத வேட்டைக்காரன் பின்னால் அலைகிறார்கள், அவன் பார்த்தால் அரசாங்கச் சம்பளக்காரன், பூதத்தைக் கொன்றுவிட்டு உட்கார்ந்து படிவம் நிரப்புகிறான், மலையில் ஓடும் பெரிய மின்கம்பிகள் எல்லாம் பூதங்களை அடைத்துவைக்கப் போட்ட வேலி என்கிறான். அதிலும் கிராபிக்ஸ் உண்டுதான், ஆனால் நான் நம்பியது அந்தக் கம்பிகளை. அவை முதலே அங்கே நிற்பவை, படக்காரருக்கு ஒரு சதம் செலவில்லை. கடைசியில் அப்போதைய பிரதமர் ஸ்டோல்டன்பெர்க் ட்ரோல் இருப்பதை ஒத்துக்கொள்வதுபோல வரும். உண்மையில் அவர் பேசியது ட்ரோல் என்று பெயர் வைத்த கடலடி எண்ணெய் வயலைப் பற்றி!

இனி உங்கள் பக்கத்தைப் பாருங்கள். யானை வேலி, யானை வெடி, காவல் கொட்டில், அழிந்த வயலுக்கு நட்டஈடு கேட்டு அலையும் சனம். முனி வயலை மிதித்துவிட்டது என்று வையுங்கள், படிவத்தில் எந்த மிருகம் என்று எழுதுவது? விதானையார் கொஞ்சம் யோசித்துவிட்டு "யானை எண்டே போடுங்கோ" என்பார். இதற்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போதும்.

அப்புறம் லாரி கோஹனின் 'கியூ', 1982. மெக்சிக்கோவின் இறகுப் பாம்புத் தெய்வம் நியூயோர்க்கில் கிரைஸ்லர் கட்டட உச்சியில் கூடு கட்டுகிறது. பொம்மை என்று பார்த்தவுடன் தெரியும். படத்தைத் தாங்குவது கூடு இருக்கும் இடம் தெரிந்த ஒரு சில்லறைத் திருடன், இடத்தைச் சொல்ல அவன் காசு பேரம் பேசுகிறான். அப்படி ஒருவன் உங்கள் ஊரிலும் இருப்பான், தேடி அலையத் தேவையில்லை.

முனிக்கு முகம் வைக்காதீர்கள். இருக்கும் காசை ஒலிக்குப் போடுங்கள், போனில் பதியும் சத்தம் காற்றிலேயே கெட்டுவிடும். இரவில் குளக்கட்டுக்குப் போவதென்றால் இடம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பக்கம் யானை நிற்கும்.