குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) ஆபரேஷனில் வைக்கும் பிளாஸ்டிக் வலைக்குப் பதிலாகப் பட்டு வலை வைக்க முடியுமா?

வைக்கலாம். ஆனால் குடலிறக்கத்துக்கு இப்போதைக்கு நான் பிளாஸ்டிக் பக்கம்தான். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுக்காரன் இப்படிச் சொல்வது வேடிக்கைதான்.

எங்கள் ஊர் ஆந்திராவில் குப்பம் பக்கம். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிவானபோது டாக்டர் ஒரு மாதிரி வலையைக் காட்டினார். அப்பா தடவிப் பார்த்து, "நம்ம நெட்ரிகா மாதிரி இருக்குதே" என்றார். புழு கூடு கட்டுவதற்கு நாங்கள் வைக்கும் பிளாஸ்டிக் வலை அது. முன்பு அதற்கு வைத்த சந்திரிகை என்ற மூங்கில் தட்டுக்குப் பதில் வந்தது.

டாக்டர் காட்டியது பாலிபுரொப்பிலீன், நம் வீட்டு நாற்காலி செய்கிற அதே பிளாஸ்டிக். வலையின் கண்கள் வழியாகத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. ஆனால் வலை கரையாது. சுற்றிலும் தழும்பு இறுகி, சிலருக்கு வலி வருடக்கணக்கில் நீடிக்கிறது. அதனால்தான் பட்டின் மேல் ஆராய்ச்சியாளர்களுக்குக் கண்.

சரி, பட்டு என்றால் எங்கள் கூட்டிலிருந்து இழுத்த நூலை அப்படியே வைப்பதில்லை. ஒரு நல்ல கூட்டில் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் இழை இருக்கும். உள்ளே ஃபைப்ராயின், மேலே செரிசின் என்ற பசை. எடையில் கால்வாசி அந்தப் பசைதான். பழைய பட்டுத் தையல்களில் வந்த ஒவ்வாமைக்கு அதைத்தான் குற்றம் சொன்னார்கள். சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து அதை நீக்கிய பிறகே மருத்துவத்துக்கு ஆகும்.

ஃபைப்ராயின் புரதம் என்பதால் உடலின் நொதிகள் அதை மெல்ல அரித்துக் கரைக்கும். சிக்கலும் அங்கேதான். வலை கரைகிற வேகத்துக்குப் புதுத் திசு பலம் பெற வேண்டும். முந்திக் கரைந்தால் குடல் மறுபடி பிதுங்கும். பல இழை முறுக்கிய நூலின் இடுக்குகளில் கிருமி தங்கும் வாய்ப்பும் உண்டு. அமெரிக்காவில் 'செரி' என்ற பட்டு வலை அனுமதி பெற்று விற்பனைக்கே வந்தது. மார்பக மறுசீரமைப்பில் வைத்துப் பார்த்தார்கள். அந்த மாதிரி, தற்காலிகத் தாங்கல் போதுமான இடங்களுக்குப் பட்டு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. 2019-ல் அமெரிக்கா விற்பனையை நிறுத்தச் சொன்னது, கருப்பை போன்ற உறுப்புகள் இறங்குவதற்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளை. குடலிறக்க வலையை அல்ல. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, வலியே இல்லாதவர்கள் வலையை எடுக்கச் சொல்லி ஓட வேண்டாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வலைக்குப் போற கூடு கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்றார்.